பதினோரு நிமிடம் நிற்காத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

அக்காவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அவள் ஓட்டும் ஆம்புலன்ஸ் போன வாரம் பாலத்தடியில் பதினோரு நிமிடம் சும்மா நின்றதாம். வண்டியில் இருக்கும் ஜி.பி.எஸ். பெட்டி அப்படிச் சொல்கிறது. பெட்டி எங்கள் கம்பெனியுடையது. அதன் மென்பொருள் என் கையால் ஆனது.

"பின்னாடி ஒரு ஆள் மூச்சுக்குத் திணறிட்டிருக்கான். நான் எதுக்குடி நிக்கப் போறேன்?"

21ஆம் தேதி விசாரணை. வேலை போனாலும் போகும்.

மார்ச் 6

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

பெட்டிக்குள் கெர்னல் இருக்கிறது, எல்லாச் சாதனங்களையும் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருள், உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் பொதுவாகப் பயன்படுத்துவது. அதற்கு ஜி.பி.எஸ். சிப் என்றால் என்னவென்றே தெரியாது. வெறும் சீரியல் போர்ட், ஒரு வயர், அவ்வளவுதான். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் படித்தால் சிப் அனுப்பும் இடச்செய்தியைப் பாதிப் பாதியாகப் பிய்த்துக்கொள்கின்றன. பாதிச் செய்தியை இரண்டுமே தூக்கி எறியும். திரையில் வண்டி பழைய இடத்திலேயே நிற்கும்.

போன மாதம் இரண்டாவது நிரலைச் சேர்த்தது யார்? நான்தான். ஆளுக்கொரு பிரதி கிடைக்கும் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்தேனா? இல்லை.

மார்ச் 7

மேலாளர்: "ரெண்டாவது ப்ரோக்ராம நிறுத்திட்டு கம்முனு இரு."

இருக்க மாட்டேன். நாளை வேறொரு கம்பெனிக்காரன் இதே குழியில் விழுவான். கெர்னலிலேயே சரி செய்யவேண்டும்.

மார்ச் 10

கெர்னலைத் திருத்தும் பேட்ச் ஒன்றை எழுதி, அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். கெர்னலில் ஒரு வரி மாற்றவேண்டுமானாலும் ஏன் என்று எழுதவேண்டும். அதை உலகமே படிக்கலாம். எழுதினேன்: ஓடிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் நின்றதாகப் பதிவானது, தவறு என்னுடையது, ஓட்டியவருடையது அல்ல.

மார்ச் 11

கெர்னலில் அந்தப் பகுதியின் பொறுப்பாளரை நான் முகம் பார்த்ததில்லை. யார் எதை அனுப்பினாலும் மறுப்பதால் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'வேண்டாம் சார்' என்று பெயர். பதில் வந்தது. "வேண்டாம். செய்திக்கு அர்த்தம் பார்ப்பது கெர்னலின் வேலையல்ல. சீரியல் போர்ட் போதும்."

போதுமாம்! இவர் வந்து விசாரணையில் உட்காரட்டுமே.

மார்ச் 12

காலையில் மறுபடி படித்தேன். பாதி சரி. சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. சிப்புக்குச் சிப் செய்தியின் வடிவம் மாறும். அதையெல்லாம் கெர்னலில் திணித்தால் குப்பைதான் சேரும். நானூறு வரிகளை வெட்டினேன். நன்றாக வந்திருந்த வரிகள்.

மீதிப் பாதியை விடமாட்டேன். யாரும் கேட்காதபோது சிப்பைத் தூங்கவைப்பது, கேட்கிற ஒவ்வொரு நிரலுக்கும் முழுப் பிரதி கொடுப்பது — இதையெல்லாம் அடியில் இருக்கும் கெர்னலால்தான் செய்யமுடியும். அப்படியே எழுதி அனுப்பினேன். பணிவான சொல் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்.

மார்ச் 14

மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உன் தப்ப நீயே ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா? அந்த ஆம்புலன்ஸ் வரிய எடு."

"காரணத்த எடுத்துட்டா இந்த பேட்ச் எதுக்குன்னே யாருக்கும் புரியாது சார்."

"அப்போ உனக்கு இங்க வேலை இருக்காது, பாத்துக்கோ."

வெளியே வந்து கதவை அறைந்து சாத்தினேன். பயமா, கோபமா? கோபம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மார்ச் 15

எடுக்கவில்லை.

மார்ச் 20

வேண்டாம் சாரிடமிருந்து. "என் மேசையில் வைத்துச் சோதித்தேன். நீங்கள் சொன்னபடியே இடம் உறைந்து நிற்கிறது. பேட்ச் போட்டதும் சரியாகிறது. ஏற்றுக்கொள்கிறேன்." கீழே அவர் பெயர்.

என் பேட்ச் விளக்கத்தையும் அவருடைய பதில்களையும் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். மூன்று பக்கம். ஒரு வரியும் புரியவில்லை என்றாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 21

உள்ளே நடந்ததை அக்கா சொன்னபடி எழுதுகிறேன். தலைமை அதிகாரி தாளைப் புரட்டியிருக்கிறார்.

"இத எழுதினது யாரு?"

"என் தங்கச்சி சார்."

எல்லோரும் சிரித்தார்களாம். தங்கச்சி எழுதிக் கொடுத்த சாட்சி!

"கீழ சோதிச்சுப் பாத்தேன்னு போட்டிருக்கே, இவரு யாரு? சொந்தக்காரரா?"

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாது சார். முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாராம்."

'வேண்டாம்' என்ற அந்த முதல் பதிலையும் தாளில் தேடிப் படித்தாராம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2

அடையாள அட்டையை மேலாளர் மேசையில் வைத்தேன். "ஒரே ஒரு வரிதானேம்மா" என்றார். அவருக்கே வருத்தம்போல.

படியிறங்கி வரும்போது தெருமுனையில் அக்காவின் வண்டி சைரனோடு போனது. கூப்பிட நினைத்தேன். கண்ணிமைப்பதற்குள் சிக்னலைத் தாண்டிவிட்டாள்.