ஊட்டிய கை

கோகிலா,

உனக்குப் பதில் இனியாவோடு இருக்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். நீ வந்து குளித்துவிட்டுத் தூங்கு. சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால். ரசம் இருக்கிறது, பயப்படாதே, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் வைத்தேன்.

டாக்டர் சொன்னதை நேற்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைக்கு வந்த அமீபா என் வயிற்றிலும் இருக்கிறதாம். போர் போட ரிக் வண்டியில் போன ஊரிலெல்லாம் தண்ணீர் குடித்தேனே, அதில் ஏறியிருக்கும். எனக்குத் தொந்தரவே தராத குடித்தனக்காரன். "கையக் கழுவீட்டு ஊட்டுங்க" என்று நீ கத்தும்போதெல்லாம், "எனக்குக் கல்லும் செரிக்கும் போ" என்று சிரித்தேன். இப்போது அவளுக்கு ரத்தமாகப் போகிறது.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். நீயும் டெஸ்ட் கொடு.

பி.கு: சர்க்கரை டப்பா ஸ்பூனைக் கொதிக்கவைத்து எடுத்துப் போகிறேன். "கையில ஊட்டுங்கப்பா" என்பாள். என்ன சொல்லட்டும்?