தூணுக்குப் பக்கத்து இடம்

நவம்பர் 14, வெள்ளி. இனயம்.

அரபு நாட்டில் ஞாயிறு வேலை நாளாம். அதனால் ஞாயிறு பூசை அங்கே வெள்ளிக்கிழமை. எனக்கு இன்னும் பழகவில்லை. அங்கே வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் பூசைக்குப் போவது, எண்ணெய் தோண்ட வந்தவர்கள் கட்டிய பழைய மாதா கோயிலுக்கு. சாயங்காலம் நம்மவர்களுக்குத் தமிழ்ப் பூசை. அதை ஃபோனில் நேரலையாகக் காட்டுவார்கள். நான் பார்ப்பது பூசையை அல்ல, தூணுக்குப் பக்கத்தில் தெரியும் அவர் முதுகை. நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

இன்று அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். பூசை முடியும்வரை தேடினேன். அவர் இல்லை.

பிறகு கூப்பிட்டார். "பூசைக்குப் போனீங்களா?" என்றேன்.

"இப்பதான் வாறேன்ட்டி. சாமியார் நல்லா பிரசங்கம் வச்சாரு."

இன்று பிரசங்கமே இல்லை. ஆயரின் சுற்றுமடலைத்தான் வாசித்தார்கள். நான் சொல்லவில்லை. போன வாரம் மூச்சு வாங்குகிறது என்று தொடங்கிப் பேச்சை மாற்றினாரே, அதையும் கேட்கவில்லை. குரல் படுத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பக்கத்தில் ஏதோ கருவி விட்டுவிட்டுச் சத்தமிட்டது.

பூசை நடக்கும்போது சின்னவள் மடியில் ஏறி, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள்.

"அந்தா, தூணுக்க பக்கத்துல," என்றேன்.

அவள் அந்த முதுகுக்கு முத்தம் கொடுத்தாள்.