வவ்வால் பெட்டி

பாப்பு,

உன்கூடப் படித்த ரெஜினா இன்று வந்து உன் வவ்வால் பெட்டியை எடுத்துப் போனாள். காலேஜில் கேட்கிறார்களாம். அதைக் கட்டும் பெல்ட்டில் நீ தடவிக்கொள்ளும் கொசு மருந்து வாசம் இன்னும் போகவில்லை. கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

நான் அஞ்சாவது வரை படித்தவள். வவ்வால் கத்துவது மனுஷர் காதுக்குக் கேட்காது, இந்தப் பெட்டிக்குக் கேட்கும், பதிந்து வைத்துக்கொள்ளும் என்று நீ சொல்லித்தான் தெரியும். டவுனில் எத்தனை பறக்கிறது, வயல் கொல்லைப் பக்கம் எத்தனை என்று பார்க்கிறாயாம். ஒரு வாரம் விழுப்புரத்தில் நம் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டுவாய். மறு வாரம் திண்டிவனம் தாண்டி உன் சித்தியின் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே. பொழுது சாயும் நேரத்தில் உன்னைத் தனியே விட முடியாமல் நானும் பஸ் ஏறி வருவேன்.

"மாப்ள பாக்குற வயசுல உம் பொண்ணு வவ்வாலு பாத்துக்கினு கீறாளே" என்பாள் சித்தி.

"வவ்வாலு வரதட்சணை கேக்காது சித்தி" என்பாய் நீ.

டெங்குவில் நீ போன பிறகு உன் போனைத் திறக்கத் தெரியவில்லை. உன் குரல் என்னிடம் எங்கேயும் இல்லை. இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவையாவது "அம்மா" என்று கூப்பிட்டிருப்பாய், அது உள்ளே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ரெஜினாவிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது மனுசங்க பேசுறத எடுக்காதும்மா. நம்ம காதுக்கு எட்டாதது மட்டுந்தான் எடுக்கும்."

நான் அழுததைப் பார்த்து, கம்ப்யூட்டரைத் திறந்து, சத்தத்தை மெதுவாக்கிப் போட்டுக் காட்டினாள். தண்ணீர் சொட்டுகிற மாதிரி வவ்வால். அதற்கு முன்னால் சரக் சரக் என்று ஏதோ.

"இது அவதாம்மா. பெட்டி வேல செய்யுதான்னு மைக் முன்னாடி வெரலத் தேச்சுப் பாப்போம்."

ஆமாம், தேய்ப்பாய். "யார்கிட்டடி காசு கேக்குற?" என்று நான்கூடத் திட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம்தான் முதலில். எல்லாவற்றையும் போடச் சொல்லிக் கேட்டேன். நன்றாக, அழுத்தித் தேய்த்திருக்கிறாய். கொல்லையில் கட்டிய கடைசி நாள் மட்டும் வேறு மாதிரி. விட்டு விட்டு, பலமே இல்லாமல். ரெஜினாவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். திரும்பத் திரும்ப அந்தக் கடைசி நாளைத்தான் காதில் வைத்துக் கேட்கிறேன். இரண்டு நாள் கழித்துத்தானே காய்ச்சல் என்று படுத்தாய். அன்று வரப்பில் உன் பக்கத்திலேயேதான் நின்றேன். அன்றைக்கே உடம்பு சுட்டதா, பாப்பு?