சின்னதுரை போட்ட பெரிய ‘ற’

நெய்வேலி,
டிசம்பர் 10.

கர்த்தருக்குள் பிரியமான மகன் விஜயராஜுக்கும் மருமகள் கிருஷ்ணப்ரியாவுக்கும் அம்மா எழுதுவது. தேவ கிருபையால் நானும் அப்பாவும் சுகம். புனேயில் குளிர் கடுமை என்று பிரியா சொன்னாள். இரண்டு பேரும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். போனில் சொல்லலாமென்றால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே நேற்றுவரை நல்ல மழை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றினால் பாதி மைன்ஸ் நம் வாசலில் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கியாயிற்று. அப்பா ஒவ்வொரு பிளாக்காகப் போய்ப் பாடிவிட்டு வந்து, குரல் கட்டிப்போய், வெந்நீர் கேட்டு என் உயிரை வாங்குகிறார். பலகாரத்துக்கு முந்திரிக்கொத்து பிடித்து வைத்திருக்கிறேன். முதல் ஈடு உடைந்துவிட்டது, இரண்டாவது தேறியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துவிட்டு அப்புறம் போனில் சொன்னாயே, அன்றையிலிருந்து இந்த வீட்டில் நடப்பது உனக்குத் தெரியும். பிரியா வேறு மதம் என்பதில் அப்பாவுக்கு வருத்தமே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம், “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா, கேட்டிருந்தா நானே முன்னால நின்னு நடத்தியிருப்பேனே” என்பதுதான். உன் போன் வந்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். நாம் பேசி முடிக்கிறவரைக்கும் அந்த ஒரே முருங்கைக்குத் தண்ணீர். அது இன்னும் அழுகாமல் நிற்பதே ஆண்டவர் செயல்!

“அவனே இறங்கி வரட்டும்” என்பார் அவர். “அப்பா முதலில் கூப்பிடட்டும்” என்பாய் நீ. நல்ல அப்பன், நல்ல பிள்ளை! தினமும் அவ்வளவு ஆழச் சுரங்கத்தில் இறங்கி ஏறுகிற மனுஷர், இந்த ஒன்றில் மட்டும் ஒரு படி இறங்க மாட்டேன் என்று மூன்று வருஷமாக நின்றார். நடுவில் கிடந்து நான் பட்ட பாடு எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்.

இந்த வருஷம் நம் சபையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேலே பெரிய போர்டு வைப்பதாக முடிவு. வாசகம் எழுதிக் கொடுக்கிற வேலை, தமிழ் டீச்சராக இருந்து முன்கூட்டியே ரிட்டயர்மென்ட் வாங்கின என் தலையில் விழுந்தது. “நமக்காக இரங்கினார்” என்று கொடுத்தேன். மனம் இரங்கினார் என்ற பொருளில். போர்டு எழுதியவர் சின்னதுரை. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஊர், அப்பாவோடு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, லீவு நாளில் போர்டு எழுதுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் நிமிர்ந்து பார்க்கிறேன், “நமக்காக இறங்கினார்” என்று இருக்கிறது! சின்ன ர, பெரிய ற என்று வகுப்பு வகுப்பாகத் தொண்டை கிழியக் கத்தினவள் நான். என் சபையில், என் வாசகத்தில், சிவப்புப் பெயின்டில் ஒரு பெரிய ற! போர்டைக் கட்ட வந்திருந்த சின்னதுரையைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டேன். பாவம், அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “வாரம் பூரா மைன்ஸ்ல எறங்கிக்கினு ஏறிக்கினு இருந்தங்க டீச்சர், கையும் அதையே எழுதிப்புடுச்சு, இதோ அழிச்சிடறங்க” என்று துணியை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, அழிக்க வேண்டாம் என்றார். நான் முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை அவரவர் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்து நின்றார். சபையில் ஆமென் தவிர வேறு வார்த்தை பேசாத மனுஷர்! போன வாரம் மழையில் மைன்ஸில் ஒரு வண்டி சேற்றில் சிக்கியதாம். எல்லாரும் மேலே நின்று அப்படித் திருப்பு, இப்படித் திருப்பு என்று கத்தியிருக்கிறார்கள். டிரைவர் பதறினதுதான் மிச்சம். ஒருத்தர் சேற்றில் இறங்கிச் சங்கிலி மாட்டின பிறகுதான் வண்டி அசைந்ததாம். அதைச் சொல்லிவிட்டு, “ஆண்டவர் மேல நின்னு கத்தல. நான் ஏறி வரட்டும்னு அவர் காத்திருந்தா ஜென்மத்துக்கும் நான் வந்திருக்க மாட்டேன். அவரே இறங்கினார். மாட்டுக் கொட்டில் வரைக்கும், சிலுவை வரைக்கும் இறங்கினார். அதனாலதான் நான் பிழைச்சேன்” என்றார். சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை கிறிஸ்துமஸ் பிரசங்கம் கேட்டிருப்பேன்! இரட்சிப்பு என்பது நாம் முட்டி மோதி ஏறிப்போய் வாங்கினது அல்ல, அவர் வந்து கையில் கொடுத்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் நெஞ்சில் இறங்கியது. பார், எனக்கும் அந்த ‘ற’தான் வருகிறது. இரங்கினதால்தானே இறங்கினார்? சின்னதுரைக்கு இரண்டு முந்திரிக்கொத்து கூடவே கொடுத்து அனுப்பினேன். போர்டு அப்படியே இருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தபடியே அப்பா கேட்டார், “அவன் அட்ரஸ் உன்கிட்ட இருக்கா?” என்று. எனக்கு வந்த சந்தோஷத்தில் ரசத்துக்குப் பதிலாக மோரை ஊற்றிவிட்டேன். மனுஷர் அதையே பிசைந்து சாப்பிட்டார்.

ஆகையால், நாங்கள் வருகிறோம்! லீவு சொல்லியாயிற்று, சென்னையிலிருந்து ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் அங்கே இருப்போம். நீ பிறந்ததிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்கும் நம் சபையை விட்டு வெளியே போகாதவர், ஆராதனை மணி அடிக்கிற வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறார். அவர் தன் இடத்தை விட்டு இறங்குகிறார், ராஜா.

பிரியா கண்ணு, ஒரே பெட்ரூம் வீடு என்று கவலைப்படாதே. ஆண்டவர் பிறந்த ராத்திரியில் சொன்ன மாதிரி, சத்திரத்தில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, ஹாலில் ஒரு பாய் போதும். நீ விளக்கேற்றிக் கும்பிடுவதை எங்களுக்காக மறைக்கவும் வேண்டாம். விசுவாசம் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை. முடிந்தால் வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டார் மட்டும் தொங்கவிடு, மாமா சந்தோஷப்படுவார்.

விஜயா, கடைசியாக ஒன்று. ஸ்டேஷனுக்கு நீ வரக்கூடாது, தானே ஆட்டோ பிடித்து வருவாராம், அப்பா உத்தரவு. வீம்பு முழுசாகப் போய்விடவில்லை, கொஞ்சம் மிச்சமிருக்கிறது. உங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. அவருக்கு முழங்கால் வலி. ஆட்டோ சத்தம் கேட்டதும் பால்கனியில் நின்று கை காட்டாதே. நெய்வேலியிலிருந்து புனே வரைக்கும் ஒரு மனுஷர் இறங்கி வருகிறார், நீ மூன்று மாடி இறங்கி வா.

கர்த்தர் உங்கள் வாசலையும் படிகளையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள
அம்மா