பைபாஸில் நீங்கள் அடைத்த வழி

அப்பா,

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் பெயின்ட் வாசனை. பைபாஸின் நடுச்சுவருக்கு மறுபடியும் கறுப்பும் மஞ்சளும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய வழி இருந்த இடத்தில் மட்டும் சிமென்ட் இதுவரை வேறு நிறமாகத் தெரியும். இன்றைக்கு அதுவும் மறைந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே குறுக்கே ஒரு வழி இருந்ததே தெரியப்போவதில்லை. எனக்குத்தான் கண் அங்கேயே போய் நிற்கிறது.

அதை அடைக்க வைத்தவர் நீங்கள். பூ விற்கிற அக்கா கூடையோடு அந்த வழியில் குறுக்கே போகும்போது லாரி அடித்துச் செத்துப்போனாரே, அந்த வாரமே தெருக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போய் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தீர்கள். ஸ்பின்னிங் மில்லில் சேஃப்டி ஆபீசராக இருந்தவருக்கு ரோடும் ஒரு மிஷின்தான். மில்லில் பல்சக்கரத்துக்கு மூடி போட்டால், வேலை சுணங்குகிறதென்று ஆட்களே கழற்றி வைத்துவிடுவார்களாம். நீங்கள் திரும்பத் திரும்பப் போய் மாட்டுவீர்களாம். “வேல மெதுவாத்தான் நடக்கும் கண்ணு. கை இருக்குமல்ல?” என்பீர்கள். சோற்றில் ரசம் ஊற்றும்போதும் இதே பேச்சுதான்.

அடைத்த பிறகு ஊரே உங்களைத் திட்டியது. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் தொலைவில் இருக்கிற யூ-டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். பாதிப் பேர் ராங் சைடில் வந்தார்கள். மீதிப் பேர் நடுச்சுவரில் ஏறிக் குதித்தார்கள், அப்புறம் அதற்கு மேலே கம்பி வேலியும் வந்தது. நீங்கள் மட்டும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மொபெட்டில் அவ்வளவு தூரம் சுற்றி, நம் கேட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற எதிர்ப் பேக்கரிக்குப் போய் டீ குடித்தீர்கள். பேக்கரி அண்ணன் விடுவாரா?

“ஏனுங்க, ஒரு டீக்கு அவிநாசி வரைக்கும் போயிட்டு வாரீங்களாட்ட இருக்குதுங்க?”

“டீ சூடா இருந்தாச் செரிங்க.”

வியாபாரம் படுத்துவிட்ட கோபத்திலும் அவர் சிரித்துவிடுவார்.

ஒருநாள் நானே உங்களோடு சண்டை போட்டேன். இத்தனை பேரைச் சுற்ற விட்டு என்ன கண்டீர்கள் என்றேன்.

“அதுக்கப்புறம் இங்க யாரும் சாகல கண்ணு.”

“அடைக்காட்டியும் சாகாம இருந்திருக்கலாமல்லங்கப்பா?”

“இருந்திருக்கலாம். தப்பிச்சவனுக்குத் தப்பிச்சது தெரியாதே. நட்டம் இல்லேன்னு நாஞ் சொல்லல. எந்த நட்டத்தத் தாங்கிக்கலாம்னுதான் பாக்கோணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் வழியிலேயே எனக்கு போன் செய்தார். உங்களுக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டேன். “இங்க முன்னாடியே ஒரு திருப்பம் இருக்குதுங்க. திரும்பி ராங் சைடுல வந்துரட்டுங்களா? சீக்கிரம் வந்தர்லாம்.” நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் போனை வாங்கிவிட்டீர்கள். “வேண்டாந் தம்பி. எதுக்கால புள்ளைங்க வரும். சுத்தியே வாங்க.”

நீங்கள் கடைசியாகப் பேசியது என்னிடம்கூட இல்லை, அப்பா. முகம் தெரியாத ஒரு டிரைவரிடம்.

நான் கேட்டுக்கு ஓடினேன். ஆம்புலன்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வந்தது, பேக்கரியைத் தாண்டியது, யூ-டர்னைப் பார்த்துப் போயே போய்விட்டது. அந்தச் சைரன் என்னைவிட்டு விலகிப் போனதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. அது திரும்பி வந்து சேர்ந்தபோது உங்கள் கை சில்லிட்டுக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று ஆரம்பித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பவும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க” என்று முடித்தார். இதில் எதை நம்புவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்று பெயின்ட் காய்வதற்குள் பேக்கரி அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

“வர்ற திங்கக்கெழம எல்லாரும் கலெக்டர்கிட்டப் போறோமுங்க அம்மணி, வழியத் தொறக்கச் சொல்லி. நீங்க கூட வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். அப்பாவப் பறிகொடுத்தவங்க சொன்னாத் தட்ட மாட்டாங்க.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்களைத் தூக்கியபோது முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர். அவர் சொன்னதும் நிஜம்தான், நான் சொன்னால் கேட்பார்கள். செத்தவரின் மகள் என்று காட்ட நான் இருக்கிறேன். அந்த வழி அடைபட்டதால் தப்பித்தவர்கள் யாரும் திங்கட்கிழமை வந்து நிற்கப்போவதில்லை.

“நான் வரலீங்கண்ணா.”

“உங்க அப்பாவாச்சேங்க அம்மணி?”

“அதனாலதாங்கண்ணா.”

அவர் எழுந்து போய்விட்டார்.

பெருமைப்பட்டுவிடாதீர்கள், அப்பா. உங்களைப்போல லாபநட்டம் பார்த்து நான் அதைச் சொல்லவில்லை. நீங்கள் கடைசியாகச் சொன்ன சொல்லுக்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அண்ணன் போன பிறகு கேட்டில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். பால்காரர் போனார். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஸ்கூட்டரில் போனாள். இவர்களில் யாரோ ஒருவர் உங்களால் உயிரோடு இருக்கலாம். யாரைப் பார்த்தாலும் இவரா, இவளா என்றுதான் மனம் தேடுகிறது. ஆள் யாரென்று தெரியாமலிருப்பதே நல்லது. தெரிந்தால், அந்த ஆளைக் கொடுத்துவிட்டு உங்களைத் திருப்பிக் கேட்டுவிடுவேன்.