கோட்டில் நின்ற வாசனை

அன்பு மகளுக்கு,

உடம்பு சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கடையில் நாள் முழுக்க நிற்பதால் வந்த கால்வலி குறைந்ததா என்று கேட்டு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அந்த நலத்தில் ஒரு குறை உண்டு, எடுத்த எடுப்பில் அதை எழுதினால் மீதியைப் படிக்காமல் போனைக் கையில் எடுப்பாய், ஆகவே வரிசையாக வருகிறேன்.

நீ அனுப்பிய சென்ட் பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. உங்கள் கடையில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் விற்பீர்கள் என்று நீ சொன்னது அப்பா காதில் நன்றாக விழுந்துவிட்டது. முதலில் ஜன்னல் ஓரத்தில் வைத்தார், தெருவில் போகிறவர்களும் பார்க்கட்டும் என்று. வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று நீ சொன்னதும் குளியலறைக்கு மாற்றினார். அங்கே சூடும் ஈரமும் ஆகாது என்றாய். கடைசியில் என் பீரோவில் ஒரு தட்டைக் காலிசெய்து, பாட்டிலை அதன் அட்டைப் பெட்டியோடு உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பீரோவுக்குள் என் நகை இருந்த காலத்தில்கூட அதை யாரும் பூட்டியதில்லை. போடுகிற முறையிலும் நீ சொன்னதில் ஒரு எழுத்து தவறவில்லை. குளித்ததும் வாசனையில்லாத க்ரீம், அதன்மேல் மணிக்கட்டிலும் கழுத்திலும் ஒவ்வொரு அழுத்து, தேய்க்கவே கூடாது. அது தானாகக் காயும்வரை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூடத்தில் நடப்பார், அந்த நேரம் யாராவது கதவைத் தட்டினால் திறப்பது நான்தான்.

இவ்வளவு செய்தும் அவருக்குத் திருப்தி இல்லை. அரை மணி நேரம்கூட நிக்கல, எம்பொண்ணுகிட்டயே ஏமாத்தி வித்துட்டானுங்க என்று புலம்பல். ஒரு அழுத்து மூன்றானது, மூன்று எத்தனையோ ஆனது. துணியில் இன்னும் அதிக நேரம் தங்கும் என்று நீ வாய்தவறிச் சொல்லிவைத்தாய் பார், அன்றிலிருந்து ஆபீஸில் லிஃப்ட் ஓட்டும்போது அவர் போடும் கோட்டுக்கும் அபிஷேகம்தான். அந்தக் கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கினால் எனக்குத் தலைவலி வரும். கொஞ்சம் அதிகம்ங்க என்றேன், உனக்குப் பொறாமை என்றார். அவர் ஓட்டும் லிஃப்ட் நம் சமையலறையில் பாதிகூட இருக்காது என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் வந்து, இப்பல்லாம் ஜனங்களுக்கு உடம்பு மேல அக்கறை வந்துடுச்சு, அஞ்சாவது மாடி ஆடிட்டர்கூட மூச்சு வாங்கிக்கிட்டே படியில ஏறிப் போறாரு என்று பெருமையாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கட்டடத்து மேனேஜர் திறந்தார். இது என் பொண்ணு அனுப்பினது சார், விலையைக் கேட்டா மயங்கிடுவீங்க என்று இவர் சொல்ல, கேக்காமலே மயக்கமா வருதுய்யா என்றாராம் அவர். அதையும் அப்பா பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சிரித்தது போதும், மேலே படி. போன மாதம் ஒரு காலை வேளையில் லிஃப்ட் மேலே போகும்போது மூன்றாம் மாடி டைப்பிஸ்ட் பெண், அண்ணே ஏதோ கருகுற மாதிரி இருக்கே என்றிருக்கிறாள். அது என் சென்ட்டும்மா, பழகிட்டா சரியாயிடும் என்று இவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். கூரையில் ஓடும் மின்விசிறியிலிருந்து புகை இறங்கிய பிறகுதான் பதறிப்போய் அடுத்த மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே தள்ளினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் போன பிறகு அந்தப் பெண்ணை நிறுத்தி, நிஜமாவே நாத்தம் வந்துச்சா என்று கேட்டிருக்கிறார். கீழேயிருந்தே வந்துச்சே அண்ணே, உங்களுக்கு வரலையா என்றாள் அவள்.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். நேரே சமையலறைக்குப் போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பினாயில் பாட்டிலைத் திறந்தார். வெங்காயத்தைக் கையில் நசுக்கினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, எனக்கு எதுவுமே வரலை என்றார். அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்தாரே, அப்போதே மூக்கு போயிருக்கிறது, அதற்குப் பிறகுதான் உன் பாட்டில் வந்தது. இத்தனை நாள் சாப்பாடும் ருசிக்கவில்லையாம், உனக்குக் கைப்பக்குவம் போயிடுச்சுன்னு நினைச்சேன், சொன்னா நீ மனசு கஷ்டப்படுவியேன்னு விட்டுட்டேன் என்றார். அவ்வளவு நல்ல மனசு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே அழுகையும் வந்தது, சிரிப்பை மட்டும் அவருக்குக் காட்டினேன். வேலையை விடுகிறேன் என்று மறுநாளே போய் நின்றார், என்னை நம்பி ஏறுறாங்க சார், நெருப்புன்னாக்கூட எனக்குத் தெரியாது என்று. மேனேஜர் லிஃப்டுக்குள் புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றை மாட்டிவிட்டு, இனி அது மோந்து பாக்கும், நீ பொத்தானை அழுத்து, சென்ட்டை மட்டும் அழுத்தாதே என்று அனுப்பிவிட்டார். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது, மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், தினமும் நாலு பொருளை முகர்ந்து பழகுங்கள் என்கிறார் டாக்டர். இவரும் கிராம்பையும் எலுமிச்சையையும் கண்ணை மூடி முகர்கிறார். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் நீ அனுப்பியதை அடியோடு விட அவருக்கு மனசில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு. வேலைக்குக் கிளம்புமுன் கோட்டின் காலரை என் மூக்கருகே நீட்டி, இருக்கா என்று கேட்பார். இல்லை என்றால் ஒரே ஒரு அழுத்து, இருக்கு என்றால் அப்படியே கிளம்பிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்திலும் என் அபிப்பிராயத்தைக் கேட்காத மனுஷன், காலையில் கழுத்தை நீட்டிக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நிற்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போட்டேன். திங்கட்கிழமை எனக்குச் சளி பிடித்து மூக்கு முழுக்க அடைப்பு. இவர் வந்து காலரை நீட்டினார், எனக்கு எதுவும் தெரியவில்லை, அதைச் சொன்னால் இந்த வீட்டில் ஒரு மூக்குகூட இல்லை என்று பயந்துவிடுவாரே என்று, இருக்கு, அளவா இருக்கு என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். இன்னைக்கு ஆடிட்டர் லிஃப்ட்ல வந்தாரு, டைப்பிஸ்ட் பொண்ணு நல்லாருக்கு அண்ணேன்னுச்சு, பொண்ணு சொன்னபடி செஞ்சா நிக்கத்தான் செய்யுது என்றார். சளி போய்விட்டது. நான் இன்னும் தினமும் இருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ நூறு வயது நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. குளிரில் வெறும் காலோடு நடக்காதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அப்பா போனில் பேசும்போது, ஒரு தடவை அடித்தால் ஒரு வாரம் நிற்கிறது என்பார். ஆமாம்ப்பா, அது அப்படிப்பட்ட சென்ட்டுதான் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
மூக்கு நன்றாக இருக்கும்
உன் அம்மா