சங்ககிரியில் வாங்கிய இரண்டு டயர்கள்

டாக்டரக்கா,

இன்று காலை தபால் போட்டுவிட்டுத் திரும்பும்போது, சூரமங்கலம் கடைவீதியில் சைக்கிள் கடைக்காரர் டியூபில் சொலுஷன் தடவி வாயால் ஊதிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். "பஞ்சருங்களா அம்மிணி?" என்றார், கையில் சைக்கிளே இல்லாத என்னைப் பார்த்து. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஏற்காட்டுத் தோட்டத் துரை சண்டைக்குப் போகும்போது விற்ற ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் பகட்டுக்காக வாங்கினீர்கள் என்றுதான் ஊர் நினைத்தது. இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாத வண்டியைக் குடும்பஸ்தர் யாரும் சீந்தவில்லை, அதனால் மலிவாக வந்தது என்பது எனக்குத்தான் தெரியும். பிரசவம் பார்க்கப் போகிறவளுக்கு இன்னோர் ஆளும் ஒரு பெட்டியும் போதும் என்றீர்கள். அந்த இன்னோர் ஆள் நான். உங்கள் அலமாரியில் புத்தகம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரயில்வே குமாஸ்தாவின் மகள், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இந்த ஜில்லா முழுக்கச் சுற்றினேன்.

மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பர் குதிரைக்கொம்பானது. முன் சக்கரங்கள் இரண்டிலும் உள்துணி தெரியத் தொடங்கிவிட்டது. டாக்டர் என்பதால் உங்களுக்குப் பர்மிட் கிடைத்தது, ஆனால் அந்த ஒல்லி உயர டயர் எங்கும் இல்லை. சென்னையில் ஒரு கடையில் இருந்தது. அவர்கள் கேட்ட விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். லாரி டயர் மட்கார்டில் இடிக்கும். கோயமுத்தூரில் ரப்பர் வார்த்துப் புதுப்பித்த டயர் விரல் பட்டாலே உரிந்தது. கடைசியில்தான் சங்ககிரிச் சந்தைத் தரகன் ஒருவனிடம் நம் அளவில் நாலைந்து இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மாட்டுத் தரகு செய்து, மாட்டுக்குக் கழுத்துப்பட்டையும் தைத்து விற்றுக்கொண்டிருந்தவன், லாரிகள் பெருகியதும் டயருக்கு மாறியிருந்தான். அவனுக்கு 'அவர்' போட எனக்கு மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் டயர்களுக்குக் கரி பூசி மினுக்கி வைத்திருந்தான். நீங்கள் மேல்புறத்தைப் பார்க்கவே இல்லை. தோள்வரை கையை விட்டு உள்வயிற்றைத் தடவினீர்கள். "டயரையும் புள்ளத்தாச்சியையும் வெளிய பாத்துச் சொல்லப்படாது கண்ணு" என்று என் கையையும் உள்ளே விடச் சொன்னீர்கள். உள்ளே கீறலோ ஒட்டோ இல்லாத இரண்டை நாம் சேர்ந்துதான் எடுத்து வைத்தோம்.

"ஊட்டுல ஆம்பளைங்க ஆராச்சும் வந்திருந்தா நல்லதுங்க. வெலை பேசோணுமில்லீங்க" என்றான்.

"எங்கட்டயே பேசுங்க. காது நல்லாக் கேக்குது."

"நாங்க வாயில பேசறதில்லீங்க டாக்டரம்மா. துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சுப் பேசறது."

"அப்பத் துண்டைப் போடுங்க" என்று கையை நீட்டிவிட்டீர்கள்.

சந்தை அப்படியே நின்றது. ஆண்கள் மட்டும் பேரம் பேசும் துண்டுக்குள் ஒரு பெண்ணின் கை போய் அங்கே யாரும் பார்த்ததில்லை. "மாப்ளே, சூதானமா இரு, நாடி புடிச்சுப் பாத்துருவாங்க!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது. நீங்களோ நிஜமாகவே நாடி பார்த்திருக்கிறீர்கள்! விரல்கள் தொகை பேச, உங்கள் கட்டைவிரல் அவன் மணிக்கட்டில் இருந்திருக்கிறது. "பொய் வெலை சொல்றப்பவெல்லாம் துடிப்பு எகிறுது. அது எறங்குன எடத்துல நான் நிறுத்திப்போட்டேன்" என்று திரும்பும் வழியெல்லாம் சிரித்தீர்கள்.

துண்டை எடுத்ததும் அவன் வெகு மரியாதையாக, "வெயில்ல நிக்காதீங்க, ஊட்டுல போய் மோர் குடிங்க. மாட்டிப்போட்டுச் சொல்லியனுப்பறேன்" என்றான். நாம் போனோம். சக்கரத்தில் மாட்டிக் காற்றடித்த டயருக்குள் யார் கையை விட முடியும்?

இரண்டு மாதத்துக்குள், சேந்தமங்கலத்தில் ஒரு பிரசவத்துக்குத் தனியாகப் போனபோது, இடது முன் டயர் வெடித்துப் புளியமரத்தில் மோதி, அங்கேயே உயிரை விட்டீர்கள். எனக்கு அன்று காய்ச்சல்.

நீங்கள் போனதைவிட என்னால் தாங்க முடியாதது அதற்குப் பின் வந்த பேச்சு. அவன்தான் ஆரம்பித்தான். "டயர் நல்ல டயருங்க. பொம்பளைக்கு எதுக்குங்க ரேஸ் காரு? ஸ்டியரிங்கை ஒடிக்கத் தெரியாம மரத்துல உட்டுட்டாங்க." சேலம் வரை அதையே சொன்னார்கள். இத்தனை உயிரை இந்த மண்ணில் இறக்கிவிட்ட கைக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதாம்! என் அப்பாவும், "என்ன இருந்தாலும் அந்த வேகம் வேண்டாம்தான்" என்றார். அன்றிலிருந்து அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

உங்கள் தம்பியிடம் எனக்கு வேறெதுவும் வேண்டாம், அந்த டயர் மட்டும் போதும் என்று கேட்டு வாங்கினேன். உள்ளே கையை விட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு. நாம் தடவிப் பார்த்து எடுத்த டயர் அது இல்லை. கான்வாஸை இரண்டாக மடித்துத் தைத்து, சொலுஷன் போட்டு ஓட்டைக்குமேல் ஒட்டியிருந்தது. தைத்தது நூலால் அல்ல, மாட்டுக் கழுத்துப்பட்டை தைக்கும் தோல் வாரால். தொழில் மாறியும் அவன் கை மாறவில்லை.

போலீசுக்குப் போகவில்லை. சந்தை நாளில் ரயிலேறி, டயரை உருட்டிக்கொண்டு தரகர்கள் நடுவே போய் நின்றேன். "இதை விக்க வந்திருக்கேனுங்க. வாங்கறவங்க உள்ள கை உட்டுப் பாத்துட்டு வாங்குங்க" என்றேன். என் குரல் கடைசி ஆள் வரை கேட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. அன்று நாடி என்று கேலி செய்தவர்தான் வந்து கையை விட்டார், ஒட்டைப் பிய்த்து வெளியே எடுத்தார். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ மாப்ளே, இது உன்ற தையலல்லோ?"

அவனிடம் கழுத்துப்பட்டை வாங்காத ஆள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. அன்று முதல் அவன் துண்டுக்குள் ஒருவரும் கை கொடுக்கவில்லை. அங்கே அதற்குமேல் தண்டனை கிடையாது.

ஆறேழு மாதம் கழித்து, நமக்கு மோர் கொடுத்த அவன் மனைவி என் வாசலில் வந்து நின்றார். "சந்தையே மொகத்தைத் திருப்பிக்குது சாமி. நீங்க வந்து அவரு கையைப் புடிச்சுப்போட்டாப் போதும், மத்தவங்களும் புடிப்பாங்க."

"அவர் மொதல்ல வாயால உண்மையைச் சொல்லட்டுங்க. சந்தை நடுவுல."

சொன்னான், அக்கா. நான் அங்கேயே நின்று கேட்டேன். "டாக்டரம்மா நல்லாத்தான் ஓட்டுனாங்க. எல்லாரும் சிரிச்சாங்கன்னு ஆத்தரத்துல நான்தான் டயரை மாத்தி மாட்டுனேன்." கடைசி வார்த்தை வரை காத்திருந்தேன். இப்போது சேலத்தில் யாரும் உங்கள் கையைக் குறை சொல்வதில்லை. அப்பாகூட.

பிறகு அவன் துண்டைப் போட்டுக் கையை நீட்டினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் மனைவியும் பார்த்தார். நீங்களாக இருந்தால் பிடித்திருப்பீர்கள், பிடித்து நாடியும் பார்த்து மருந்தும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். உங்களிடம் கற்றதில் அது ஒன்று மட்டும் எனக்கு வரவில்லை.

"ரயிலுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ரயில் வர வெகு நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த புத்தகத்தை நிதானமாகப் படித்தேன். துண்டுக்கு அடியில் அந்தக் கை நீண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதை நான் மறக்க முயலவில்லை. தூக்கம் வராதபோது அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், அக்கா. நன்றாகத் தூக்கம் வருகிறது.